கையில முக்கி எடுக்கிற மெழுகுவத்தி: முடிச்சு விழாம வர என்ன வழி?

பசுந்தோங்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன்ல கரண்ட் நிலவரம் நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. ரீசார்ஜ் லைட்டு வீட்டுல இருக்கு, ஆனா அதுக்குச் சார்ஜ் ஏத்தவாவது கரண்ட் வரணுமே. கடையில கட்டுக் கட்டா விக்கிற மெல்லிசு வத்தி, சாப்பிட்டு எழுந்திரிக்கிறதுக்குள்ள உருகி மேசையெல்லாம் ஓடிருது. சித்திரை வெயில்ல பெட்டிக்குள்ள வச்சதே வளைஞ்சு கிடக்குது.

அம்மாவுக்கு வேற கணக்கு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு தாத்தா பாட்டி கல்லறையில ஏத்த நீளமான வத்தி வேணுமாம். அடி தடிச்சு நுனி சிறுத்து, முன்னெல்லாம் கோயில் பீடத்துல நிக்குமே, அந்த மாதிரி. அச்சுல ஊத்துனா அந்த வடிவம் வரல. அதனால திரியை மெழுகுல முக்கி முக்கி எடுக்கிற முறையில இறங்கியிருக்கேன்.

கையில உள்ளது: பாரஃபின் மெழுகுக் கட்டி ஒரு வீசை (1.63 கிலோ), தகர வேலைக்காரர்கிட்ட சொல்லிச் செஞ்ச நீள டின் (குறுக்க 10 செ.மீ., உயரம் 30 செ.மீ.), கரி அடுப்பு, லுங்கி நெய்யிறவங்க கொடுத்த பருத்தி நூல். டின்னை வெந்நீர்ச் சட்டிக்குள்ள நிறுத்தித்தான் உருக்குறேன். ஆரம்பத்துல ஒழுங்கா ஏறுது. கொஞ்சம் தடிச்சதும் முடிச்சு முடிச்சா வருது. சரின்னு சூட்டை ஏத்துனா முடிச்சு போயிருது, ஆனா வத்தி வளர மாட்டேங்குது. முக்க முக்க இளைக்குது! செஞ்சு பழகினவங்க யாராவது சொல்லுங்க.

தட்டோன் தம்பி:
அண்ணே, சோலார் லைட்டு ஒண்ணு வாங்கிட்டுப் போயிரலாமே. இம்புட்டு மெனக்கெடணுமா?

பசுந்தோங்காரன்:
கல்லறையில சோலார் லைட்டு வச்சா எங்கம்மா என்னையும் பக்கத்துலயே படுக்க வச்சிருவாங்க தம்பி.

மோல்மீன் அக்கா:
தம்பி, நீங்க டின்ல உள்ள சூட்டை மட்டும் பாக்குறீங்க. திரியோட சூட்டைப் பாக்கல.

மெழுகு ஏன் ஒட்டுதுன்னு யோசிங்க. உள்ள போற திரி ஆறியிருக்கு. அதைத் தொட்ட மெழுகு அது மேலயே உறைஞ்சு ஒரு படலமா நிக்குது. திரியே சூடா இருந்தா மெழுகு எங்க உறையும்? உறையறதுக்குப் பதிலா உள்ள இருந்ததும் கரைஞ்சு டின்னுக்குள்ள போகும். நீங்க சொல்ற "இளைக்குது" அதுதான். நம்ம ஊர் வெயில்ல முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் தொல்லை. புத்தகத்துல "ரெண்டு நிமிஷம் ஆற விடு"ன்னு எழுதியிருப்பாங்க, அது குளிர் தேசத்துக்காரன் எழுதினது. அவன் அறையில 18, 20 டிகிரி. நமக்கு ஏப்ரல்ல வீட்டுக்குள்ளயே 35க்கு மேல போகுது. பாரஃபின் உருகுறதே 58, 60லன்னா, அந்தத் திரி ஆறுறதுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி எவ்வளவு கொஞ்சம்னு பாருங்க.

நாங்க கோயிலுக்குச் செய்யும்போது விடியக்காலை நாலு மணிக்கு ஆரம்பிச்சு வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிருவோம். நல்ல வத்தி வேணும்னா டிசம்பர், ஜனவரியில செஞ்சு வச்சுக்கணும். கல்லறைத் திருநாளுக்குன்னா அக்டோபர் கடைசியில, மழை ஓய்ஞ்சதும், அதிகாலையில.

இப்ப முறைக்கு வரேன்.

டின்ல சூடு 68லேருந்து 72க்குள்ள இருக்கணும், நீங்க வாங்கினது 58-60 வகைன்னா. தெர்மாமீட்டர் இல்லைன்னா கவலையில்ல. மெழுகு முழுசா உருகினதும் அடுப்புலேருந்து இறக்கி வச்சுப் பாத்துக்கிட்டே இருங்க. டின் ஓரத்துல, தகரத்தைத் தொடுற இடத்துல, வெள்ளையா ஆடை கட்ட ஆரம்பிக்கும். திரும்ப அடுப்புல வைங்க. அந்த ஆடை கரைஞ்சு, ஓரம் தெளிஞ்சு, இன்னும் கொஞ்ச நேரம் போனதும் முக்கலாம். மறுபடி ஆடை கட்டுச்சுன்னா சூடு பத்தல, அப்ப முக்கினா முடிச்சு விழும்.

முதல் முக்கு மட்டும் நிதானமா. நூல்லேருந்து காத்துக் குமிழ் வந்துக்கிட்டே இருக்கும், அது நிக்கிற வரைக்கும் உள்ளயே வைங்க. எடுத்ததும் அரை ஆறல்ல ரெண்டு முனையையும் பிடிச்சு இழுத்து நேராக்கிருங்க. இதை விட்டுட்டா கடைசி வரைக்கும் கோணல்தான், பின்னால ஒண்ணும் பண்ண முடியாது.

ரெண்டாவதுலேருந்து தயங்கவே கூடாது. உள்ள போன கை அதே ஓட்டத்துல வெளிய வரணும், "ஒண்ணு, ரெண்டு"ன்னு சொல்ற நேரம். நடுவுல ஒரு நொடி நின்னாலும் நின்ன இடத்துல வளையம் விழும். முடிச்சுக்குப் பாதி காரணம் சூடு, மீதி இந்தத் தயக்கம்.

ஆறிருச்சான்னு தெரிய விரலால தொடுங்க. ஒட்டக் கூடாது, ஆனா உள்சூடு தெரியணும். சுத்தமா ஆற விட்டுட்டா அது வேற வினை. புதுப் படலம் பழசோட சேராது, பின்னால வெங்காயம் மாதிரி தோல் தோலா உரியும்.

பசுந்தோங்காரன்:
அக்கா, இப்பத்தான் புரியுது. நான் ஒரே ஒரு ஜோடியை வச்சுக்கிட்டு அதையே விடாம முக்கிக்கிட்டிருந்தேன்.

மோல்மீன் அக்கா:
அதான். ஒரு மூங்கில் குச்சியில ஒரே நூலை மடிச்சுப் போட்டா ரெண்டு பக்கமும் ஒரு ஜோடி தொங்கும். அந்த மாதிரி பல குச்சி தயார் பண்ணி, ரெண்டு நாற்காலிக்கு நடுவுல வரிசையா மாட்டுங்க. கடைசிக் குச்சியை முக்கி முடிக்கும்போது முதல் குச்சி பதமா ஆறியிருக்கும். கடிகாரமே வேண்டாம். ஜோடிக்கு நடுவுல நாலு விரல் இடைவெளி விடுங்க, இல்லைன்னா முக்கும்போது ரெண்டும் ஒட்டிக்கும்.

நூல் மிதந்தா அடியில ஒரு இரும்பு நட்டு கட்டுங்க. நாலஞ்சு முக்குக்கு அப்புறம் திரிக்கே கனம் வந்துரும், அப்ப வெட்டி எடுத்துரலாம்.

ஃபேன் போடாதீங்க. காத்து படுற பக்கம் மட்டும் சீக்கிரம் ஆறி, வத்தி வில்லா வளையும்.

கரிஅடுப்பு:
அக்கா சொன்னது எல்லாம் சரி. அடுப்பு பத்தி நான் சொல்றேன், என் பேரே அதான்.

கரியில சூட்டை நிதானமா வைக்கிறதுதான் கஷ்டம். கரி நல்லா கனன்னு செவந்ததும் மேல சாம்பலைத் தூவி மூடுங்க. காத்து வர்ற வாயையும் பாதி அடைங்க. அப்புறம் சட்டித் தண்ணி கொதிக்கவே விடாதீங்க, சும்மா ஆவி வந்தாப் போதும். டின் அடியில ரெண்டு ஓட்டுச் சில்லு வச்சு நிறுத்துங்க. சட்டி அடியை டின் நேராத் தொட்டா அந்த இடம் மட்டும் சூடேறும்.

வெந்நீர்ச் சட்டி எதுக்குன்னா, தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு 100ஐத் தாண்டாது. பாரஃபின் ஆவி தீப்பிடிக்கிற சூடு அதுக்கு ரொம்ப மேல, 200 டிகிரி பக்கம். ஆபத்து எப்பன்னா சட்டியில தண்ணி வத்தும்போது. பேசிக்கிட்டே மறந்துருவோம். பக்கத்துல ஒரு கெட்டில்ல வெந்நீர் வச்சு அப்பப்ப ஊத்துங்க. அப்படியும் மெழுகு பத்திக்கிச்சுன்னா தண்ணி மட்டும் ஊத்திராதீங்க! தண்ணி மெழுகுக்கு அடியில போயி ஒரே நொடியில ஆவியாகி, எரியற மெழுகைக் கூரை வரைக்கும் வீசும். டின் வாய்க்குச் சரியா ஒரு தட்டு பக்கத்துலயே இருக்கட்டும். மூடினா அணைஞ்சிரும். மரவீட்டுல இருக்கிறவங்க இதை வாசல்ல வச்சுச் செய்யுங்க, உள்ள வேண்டாம்.

தட்டோன் தம்பி:
சரி, நானும் பயந்துட்டேன், ஆனா படிக்க நல்லாருக்கு. ஷ்வேடகோன் பகோடாவுல பொறந்த கிழமை மூலையில ஏத்துறாங்களே, அந்தக் குட்டி மெல்லிசு வத்தியும் இப்படித்தான் செய்யிறதா?

மோல்மீன் அக்கா:
அது பெரும்பாலும் மெஷின்ல வர்றது தம்பி. ஆனா முக்கியும் எடுக்கலாம், அஞ்சாறு முக்கு போதும். பழகுறதுக்கு அதுதான் நல்லது. தடின்ஜூட் விளக்குத் திருவிழாவுக்கு வீட்டு முன்னாடி வரிசையா வைக்க மெல்லிசு நிறைய வேணும்ல, அதுல கை பழகிட்டுப் பெருசுக்குப் போங்க.

வியாசர்பாடி அத்தோ:
வணக்கம் மக்களே, சென்னையிலேருந்து. எங்க தாத்தா பெகுவுலேருந்து 64ல கப்பல்ல வந்தவரு. நீங்க பேசிக்கிறதைப் பாத்ததும் வாய் சும்மா இருக்கல.

பசுந்தோங்காரன் அண்ணே, கணக்கு ஒண்ணு போட்டுக் காட்டுறேன், அப்புறம் மெழுகு பத்தலன்னு திண்டாடக் கூடாது. உங்க டின் குறுக்க 10 செ.மீ.னா ஒரு வீசை மெழுகு (1.63 கிலோ) உருகி நின்னா உயரம் சுமார் 27 செ.மீ. வரும். 20 செ.மீ. நீளத்துல, அடி 2.2, நுனி 1.5 செ.மீ. இருக்கிற வத்தி ஒண்ணு கிட்டத்தட்ட 50 கிராம். அந்த 50 கிராம் டின்லேருந்து போனா மட்டம் முக்கால் செ.மீ.க்கு மேலயே இறங்கும். ஜோடின்னா ஒன்றரையைத் தாண்டும். 20 செ.மீ. வத்தி முழுசா முங்க 22 செ.மீ. ஆழமாவது வேணும். ஆக ஒரு வீசையில மூணு ஜோடி எடுத்ததும் மட்டம் பத்தாது. டின்ல ஒரு கிலோவுக்கு மேல மெழுகு அப்படியே நிக்கும், ஆனா முக்க முடியாது.

முக்குற முறையில மெழுகு வாங்கறது வேற, வத்தியில ஏறுறது வேற. இது தெரியாமத்தான் நிறையப் பேர் பாதியில விட்டுர்றாங்க.

பசுந்தோங்காரன்:
அடப்பாவமே. அப்ப மூணு வீசை வாங்கணுமா?

கரிஅடுப்பு:
வேண்டாம். வெந்நீர் ஊத்துங்க. தண்ணியைவிட மெழுகு லேசு, மேல மிதக்கும். மட்டம் இறங்க இறங்க, அதே சூட்டுல உள்ள தண்ணியை டின் ஓரமா மெதுவா விட்டா மெழுகு மேல ஏறி வரும்.

மோல்மீன் அக்கா:
எனக்கு இது ஒத்து வராது. திரி நுனி தண்ணியைத் தொட்டுட்டு வந்தா அந்த ஈரம் அடுத்த படலத்துக்குள்ள மாட்டிக்கும். ஏத்தும்போது படபடன்னு வெடிக்கும், பொறி தெறிக்கும். பூசை நேரத்துல வெடிச்சா ஃபாதர் திரும்பிப் பாப்பாரு.

கரிஅடுப்பு:
அக்கா, நுனி தொடாத மாதிரி குச்சியை டின் வாய்மேல உக்கார வச்சிட்டா ஆச்சு. தண்ணி மட்டத்துக்கு ரெண்டு விரக்கடை மேலயே திரி நின்னுரும். நான் அடி பாகத்துல எப்பவும் தண்ணி வச்சுத்தான் செய்றேன், வெடிச்சதில்ல. ஆனா ஒண்ணு, டின்னை நேரா அடுப்புல வைக்கிறவங்க இதைச் செய்யவே கூடாது. அடியில தண்ணி கொதிச்சா மெழுகைத் தூக்கி வெளிய எறியும்.

மோல்மீன் அக்கா:
குச்சி உக்காரும்னு நம்பி கை ஓட்டம் கெட்டுப் போகும். நான் மெழுகே ஊத்திக்கிறேன். மீதியை அடுத்த தடவைக்கு வச்சுக்கலாம், கெட்டா போகுது? பழைய வத்தி அடிக்கட்டை, வழிஞ்ச மெழுகு எல்லாம் துணியில வடிகட்டிச் சேத்தாலே மட்டம் ஏறும்.

வியாசர்பாடி அத்தோ:
இல்லைன்னா குறுகலான டின். குறுக்க 7 செ.மீ. இருந்தா அதே ஆழத்துக்குப் பாதி மெழுகு போதும். ஆனா ஒண்ணொண்ணாத்தான் முக்கணும், ஜோடி போகாது. உங்க இஷ்டம்.

சிரியம் பெரியவர்:
பிள்ளைகளே, நீங்கள் எந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு பாரஃபின் தேடுகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் பர்மாவின் ஏனாங்ஜாவுங்கில் ஆங்கிலேயர் வருவதற்கு வெகு முன்பே கையால் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்தார்கள். அந்த எண்ணெய் ஆறிய இடத்தில் வெண்ணெய்போலக் கெட்டிப்படும், அத்தனை மெழுகு அதில். 1850களில் லண்டனின் பிரைஸ் மெழுகுவர்த்திக் கம்பெனி அதைக் கப்பலில் தருவித்தது. வாரன் டி லா ரூ என்ற விஞ்ஞானி அதைக் காய்ச்சி வடித்துப் பாரஃபின் பிரிக்கும் வழியைக் கண்டார். அமெரிக்காவில் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியது 1859இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 1886இல் பர்மா ஆயில் கம்பெனி வந்தது. அதன் சுத்திகரிப்பு ஆலை எங்கள் சிரியத்தில், ரங்கூனிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம். எண்ணெயோடு மெழுகும் பெரிய ஏற்றுமதிச் சரக்கு. அங்கே கூலி வேலைக்கு வந்த நம்மவர்களும் தெலுங்கர்களும் ஏராளம்.

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனுக்குள் நுழைய ஒரு நாள் இருக்கும்போது ஆங்கிலேயரே அந்த ஆலையை வெடிவைத்துத் தகர்த்தார்கள், எதிரி கையில் சிக்கக் கூடாதென்று. அதற்கு நஷ்ட ஈடு கேட்டுக் கம்பெனி போட்ட வழக்கு, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 1964இல் கம்பெனி பக்கம் தீர்ப்பானது. மறு வருஷமே பாராளுமன்றம் சட்டம் போட்டு அந்தக் காசைக் கொடுக்காமல் செய்துவிட்டது! இங்கே கம்பெனியின் சொத்து 1963இலேயே அரசுடைமையாகிவிட்டது.

வேலைக்கு ஆகாத பேச்சு என்று அடுப்புத் தம்பி நினைப்பார். சரி, வேலைக்கு ஆவதும் ஒன்று சொல்கிறேன்: திரி. பசுந்தோங் தம்பி முறுக்கு நூலை வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். பின்னிய நூல் வேண்டும்.

பசுந்தோங்காரன்:
ஐயா, நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம். ஆமா, முறுக்கு நூல்தான். பின்னல் எதுக்கு?

சிரியம் பெரியவர்:
முன்காலத்தில் முறுக்குத் திரிதான். எரிய எரியக் கரித்தலை சுடருக்கு நடுவில் நேராக நிற்கும், புகையும், ஒருவர் கத்தரியோடு பக்கத்திலேயே இருந்து வெட்ட வேண்டும். 1825இல் பிரான்சில் கம்பாசெரெஸ் என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். தட்டையாகப் பின்னிய திரி எரியும்போது தானாக ஒரு பக்கம் வளைந்து, நுனி சுடரின் ஓரத்துக்குப் போகும். அங்கேதான் காற்று படும், நல்ல சூடு. நுனி சாம்பலாகி உதிர்ந்துவிடும். வெட்ட ஆள் வேண்டாம்.

மூன்று இழையைத் தலைமுடி பின்னுவதுபோல் இறுக்கமாகப் பின்னினால் போதும். நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் (போராக்ஸ்) வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு குவளை வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி வெங்காரம், ஒரு மேசைக்கரண்டி உப்பு. அதில் திரியை ஒரு ராத்திரி ஊறவைத்து, பிறகு நன்றாகக் காயவிடுங்கள். சாம்பல் திரளாமல், கங்கு கனன்று புகையாமல் அணைய இது உதவும்.

மோல்மீன் அக்கா:
ஐயா சொன்ன "நன்றாகக் காயவிடுங்கள்" ரொம்ப முக்கியம். எங்க ஊர் மழை மாசத்துல கொடியில போட்டது ஒரு வாரமானாலும் காயாது. தண்ணி இருக்கிற திரியை முக்கினா மேல்தோல்ல கொப்புளம் கொப்புளமா எழும்பும். நான் இட்லிச் சட்டி சூட்டுல, வெறும் தட்டுல போட்டு உலர்த்துவேன்.

நூல் சுத்தமான பருத்திதானான்னு நுனியைக் கொளுத்திப் பாருங்க. உருண்டை கட்டினா நைலான் கலப்பு, வேண்டாம்.

ஷான்தேன்:
டவுஞ்ஜியிலேருந்து. நான் தேன் வியாபாரம், மெழுகும் விக்கிறேன். சொந்தச் சரக்குக்கு விளம்பரம்னு நினைச்சாலும் பரவாயில்ல, கல்லறைக்கும் பீடத்துக்கும்னா தேன்மெழுகுல செய்யுங்க. ஒரு காலத்துல கத்தோலிக்கப் பீடத்துல ஏத்துற வத்தி பெரும்பகுதி தேன்மெழுகாத்தான் இருக்கணும்னு சட்டமே இருந்துச்சு. இப்ப அவ்வளவு கறார் இல்ல. ஆனா நம்ம வெயிலுக்கு அதுதான் லாயக்கு. உருகுறது 62லேருந்து 64 டிகிரி, வாசனையும் உண்டு.

முக்க இன்னும் சுலபம். ஒவ்வொரு முக்குலயும் பாரஃபினைவிடத் தடிமனாப் படியும். 70, 75ல வைங்க. 85ஐத் தாண்டினா நிறம் கறுக்கும். இரும்புச் சட்டியிலயும் கறுக்கும், ஸ்டீல்தான் நல்லது. திரி மட்டும் ஒரு சுத்து தடிமனா வேணும், தேன்மெழுகு கூழா இருக்கிறதால மெல்லிசுத் திரி இழுக்க முடியாம மூழ்கிப் போகும்.

பசுந்தோங்காரன்:
விலை?

ஷான்தேன்:
அதைத் தனிச் செய்தியில பேசுவோம். பாரஃபினைவிடப் பல மடங்குன்னு மட்டும் இங்க சொல்லிக்கிறேன். பாதிக்குப் பாதி கலந்தும் செய்யலாம்.

வியாசர்பாடி அத்தோ:
தேன்மெழுகுன்னு சொல்லிப் பாரஃபின் கலந்து விக்கிறதும் உண்டே. உங்களைச் சொல்லல அண்ணே.

ஷான்தேன்:
கேக்க வேண்டியதுதான். சோதனை சொல்றேன். நிச்சயமா சுத்தம்னு தெரிஞ்ச ஒரு துண்டு வேணும், அடையிலேருந்து நீங்களே பிழிஞ்சு உருக்கினதா இருந்தா நல்லது. ஒரு கிளாஸ் தண்ணியில அதைப் போட்டா மிதக்கும். ஸ்பிரிட் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்கிக்கிட்டே வாங்க. ஒரு கட்டத்துல அந்தத் துண்டு மேலயும் போகாம கீழயும் போகாம நடுவுல நிக்கும். இப்ப வாங்கின சரக்குல ஒரு துண்டு போடுங்க. அது மேல மிதந்தா பாரஃபின் கலந்திருக்கு, ஏன்னா பாரஃபின் லேசு. துண்டுல காத்துக்குமிழ் ஒட்டியிருக்கக் கூடாது, விரலால வழிச்சுட்டுப் போடுங்க.

பழசானா மேல வெள்ளையாப் பூத்துரும். அது கெட்டுப் போனதில்ல, துணியால துடைச்சாப் பளபளன்னு வந்துரும்.

கரிஅடுப்பு:
தேன்மெழுகு வாங்க முடியாதவங்களுக்கு ஸ்டீரிக் ஆசிட். சோப்பு செய்றவங்க வாங்குற சரக்குதான். பாரஃபின்ல பத்துக்கு ஒண்ணு சேத்தா இறுகும், வெள்ளை கூடும், வெயில்ல வளையறது குறையும். ரங்கூன்ல தெய்ஞ்சி ஸே சந்தைப் பக்கம் ரசாயனம் விக்கிறவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க. ஆசிட்னு பேர் இருந்தாலும் பயப்பட ஒண்ணுமில்ல, கொழுப்புலேருந்து வர்றது. செம்பு, பித்தளைப் பாத்திரத்துல மட்டும் உருக்காதீங்க, பச்சை பிடிக்கும்.

கலருக்குப் பிள்ளைங்க கிரேயான் போடச் சொல்லி யூடியூப்ல காட்டுறாங்க. வேண்டாம். அந்தப் பொடி திரியை அடைச்சிரும், சுடர் சுருங்கிப் போகும். எண்ணெயில கரையற சாயம்தான் சரி.

பசுந்தோங்காரன்:
செஞ்சாச்சு! பாரஃபின்ல ஸ்டீரிக் சேத்து, பின்னல் திரியில, விடியக்காலை நாலரைக்கு அடுப்புப் பத்த வச்சேன். அக்கா சொன்ன ஓர ஆடை வித்தை அப்படியே வேலை செய்யுது. நாலு குச்சி மாத்தி மாத்தி முக்கினதுல வத்தி கண்ணு முன்னாலயே தடிக்குது. வெயில் ஏறினதும் படலம் மெல்லிசாகிறதும் தெளிவாத் தெரிஞ்சுது, ஏழு மணிக்கு அப்புறம் வேகம் பாதியாப் போச்சு.

மேல் பக்கம் லேசா அலை அலையா இருக்கு. அப்புறம் ஏத்திப் பாத்தப்ப ஒரு பக்கமாவே வழியுது. இது ரெண்டும்தான் பாக்கி.

மோல்மீன் அக்கா:
வாழ்த்துக்கள் தம்பி. அலைக்கு: கடைசி ஒண்ணு ரெண்டு முக்கு மட்டும் டின் சூட்டை 80 கிட்ட ஏத்திட்டு டக்குன்னு முக்கி எடுங்க, மேல்தோல் உருகி வழவழன்னு ஆகும். இல்லைன்னா வத்தி இன்னும் வெதுவெதுப்பா இருக்கும்போதே கண்ணாடி மேல வச்சு உள்ளங்கையால உருட்டுங்க. பூரிக்கட்டை உருட்டுற அழுத்தம் வேண்டாம், சும்மா கை பட்டாப் போதும். கோணலும் அதுலயே போயிரும்.

பளபளப்பு வரும்னு குளிர்ந்த தண்ணியில முக்குவாங்க சிலர். நடுவுல செய்யாதீங்க, கடைசில மட்டும். ஐஸ் தண்ணி ஆகவே ஆகாது, உள்ள கீறல் விழுந்து வெள்ளை வெள்ளையாத் தெரியும்.

கரிஅடுப்பு:
ஒரு பக்கமா வழியிறதுக்கு முதல்ல ஜன்னலைப் பாருங்க. காத்து சுடரை ஒரு பக்கம் சாய்ச்சா அந்த ஓரம் உருகி உடையும், குழியில நிக்க வேண்டிய மெழுகு வழிஞ்சிரும். காத்தே இல்லாத இடத்துலயும் வழிஞ்சா திரி நடுவுல இல்லைன்னு அர்த்தம். நாலு பக்கமும் வழிஞ்சா திரி மெல்லிசு, உருகினதைக் குடிக்க முடியல. புகைஞ்சு சுடர் ஆடுனா திரி தடிமன், இல்லைன்னா நீளம். ஏத்துறதுக்கு முன்னாடி அரை செ.மீ. விட்டு வெட்டிருங்க.

பசுந்தோங்காரன்:
ஜன்னல்தான்! எடத்தை மாத்தினதும் நின்னுருச்சு. அப்ப கல்லறையில? அங்க காத்துக்கு ஜன்னலா இருக்கு சாத்த?

மோல்மீன் அக்கா:
கல்லறைக்குக் கண்ணாடிச் சிம்னி இல்லைன்னா வெட்டின தண்ணிப் பாட்டில் வச்சு மறைப்பாங்க, பாட்டில் அகலமா இருக்கட்டும், சுடர் பிளாஸ்டிக்கைத் தொடாம. அடியை மண்ணுல குத்தி நிறுத்தணும்னா அடிப்பகுதியை வெந்நீர்ல முக்கி, மெதுவான இடத்தைக் கத்தியால கூராக்கிக்கோங்க. மெழுகுவத்தித் தண்டுக்குன்னா அதே மாதிரி மெதுவாக்கி அழுத்தினா துளைக்குச் சரியா உக்காரும்.

தட்டோன் தம்பி:
அண்ணே, நான் குட்டி வத்தி செஞ்சு பாத்தேன், தடின்ஜூட்டுக்கு. சோலார் லைட்டுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஒரு சந்தேகம், எங்க பெரியம்மா பிப்ரவரியில ஞாங்லேபின் லூர்து மாதா திருநாளுக்குப் போறாங்க, நீள வத்தி ரெண்டு கேக்குறாங்க. பஸ்ல கொண்டு போனா வளையாதா?

மோல்மீன் அக்கா:
பிப்ரவரி 11க்குக் குளிர் இன்னும் மிச்சம் இருக்கும், காலை பஸ்ஸுன்னா பயமில்ல. செஞ்சு ஒரு வாரமாவது ஆன வத்தியாக் கொடுங்க, புதுசு மெதுவா இருக்கும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா வெள்ளைத் தாள்ல சுத்துங்க. பேப்பர் மை ஒட்டும், அதனால நியூஸ் பேப்பர் வேண்டாம். அப்புறம் ரெண்டையும் ஒரு மூங்கில் பட்டையோட சேத்துக் கட்டிருங்க, பட்டை வளையாத வரைக்கும் வத்தியும் வளையாது. வீட்டுலயும் படுக்க வச்சுத்தான் வைக்கணும், சாய்ச்சு நிறுத்துனா வளைஞ்சிரும். பஸ்ல மேல டாப்லயோ எஞ்சின் பக்கத்துலயோ போட விடாதீங்க, பெரியம்மா மடியிலயே வச்சுக்கட்டும்.

தட்டோன் தம்பி:
சரிக்கா. பட்டை எத்தனை அகலம்?

மோல்மீன் அக்கா:
ரெண்டு விரல்.